டைட்டில் இல்லாத கார்: மலிவு யாருக்கு?

இணையத்தில் வாங்க முடியாத பொருள் என்று இன்று எதையும் சொல்லிவிட முடியாது. புத்தகம், பொம்மை, கேமரா என்று தொடங்கிய ஆன்லைன் ஏலம் கார் வரை வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய ஈபே, 2000-ஆம் ஆண்டிலேயே வண்டிகளுக்கென்று தனிப் பிரிவைத் திறந்துவிட்டது. அடிபட்ட கார்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஏலம் விடும் கோபார்ட் போன்ற நிறுவனங்களும் ஏலத்தை இணையத்துக்கே கொண்டுபோய்விட்டன. வீட்டில் உட்கார்ந்தபடி ஆயிரம் மைல் தள்ளி நிற்கும் காருக்கு விலை கேட்கலாம். வசதிதான், சந்தேகமில்லை.

ஆனால் இந்த ஏலங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி உண்டு: "டைட்டில் இல்லை, பில் ஆஃப் சேல் மட்டும் தரப்படும்." கூடவே விலையும் அடிமாட்டு விலையாக இருக்கும். பார்ப்பவர் மனதில் உடனே ஒரு கணக்கு ஓடும். ஒரு காகிதம்தானே, பிறகு வாங்கிக்கொண்டால் போகிறது, ஆயிரம் டாலர் மிச்சம்! இந்தக் கணக்கு தப்பு. காரை விடவும் அந்தக் காகிதம்தான் முக்கியம். அதை வாங்கித் தர வேண்டியவர் விற்பவரே தவிர வாங்குபவர் அல்ல. டைட்டில் இல்லாத காரை ஓட்டுவதற்கான கார் என்று சொல்லி ஏலத்தில் வைக்க எந்தத் தளமும் அனுமதிக்கவே கூடாது.

டைட்டில் என்றால் என்ன?

தமிழ்நாட்டில் வண்டிக்கு ஆர்.சி. புக் ஒன்றே போதும். வண்டி யார் பெயரில் இருக்கிறது, எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது, எந்த வங்கியில் கடன் இருக்கிறது என்று எல்லாமே அதில் இருக்கும். அமெரிக்காவில் இது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி ரெஜிஸ்ட்ரேஷன். வண்டி இன்னாருக்குச் சொந்தம் என்று சொல்வது டைட்டில். கலிபோர்னியாவில் இதற்கு பிங்க் ஸ்லிப் என்று பழைய செல்லப் பெயரும் உண்டு. விற்பவர் டைட்டிலில் அதற்கென்று இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். வாங்குபவர் அதைத் தன் மாநில அலுவலகத்துக்குக் கொண்டுபோய்த் தன் பெயரில் புதிய டைட்டில் வாங்கிக்கொள்வார். இதுதான் முறை.

பில் ஆஃப் சேல் என்பது வேறு. "இன்ன தேதியில் இன்ன தொகைக்கு இந்த வண்டியை விற்றேன்" என்று எழுதிக் கொடுக்கும் ரசீது அது, அவ்வளவே. விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா என்று அந்த ரசீது சொல்லாது. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் பார்க்காமல், வெறும் வெள்ளைத் தாளில் எழுதிய ரசீதை நம்பிப் பணம் கொடுப்பாரா? பத்து சென்ட் மனைக்கே கொடுக்க மாட்டார். அதே மனிதர் அமெரிக்கா போனதும் காருக்கு மட்டும் கொடுக்கத் துணிவது ஏன்?

இன்னொரு சிக்கல், டைட்டில் தருவது மத்திய அரசு அல்ல. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. ஐம்பது மாநிலம், ஐம்பது விதி. ஒரு மாநிலத்தில் சரியென்று ஏற்கப்படும் காகிதம் பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம். ஏலத்தில் வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் வேறு வேறு மாநிலத்தில் இருப்பார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

"தொலைந்துவிட்டது" என்ற சொல்

டைட்டில் எங்கே என்று கேட்டால் விற்பவர் சொல்லும் முதல் பதில், "தொலைந்துவிட்டது." உண்மையிலேயே தொலைந்து போகலாம்தான். வீடு மாறும்போது காகிதங்கள் தொலைவது எங்கும் நடப்பதே. ஆனால் தொலைந்த டைட்டிலுக்கு நகல் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால் இந்தப் பதிலின் நிறம் வெளுத்துவிடும்.

டெக்சாஸில் டைட்டிலின் சான்றளிக்கப்பட்ட நகலைத் தபாலில் வாங்கக் கட்டணம் 2 டாலர். நேரில் போனால் 5.45 டாலர். மற்ற மாநிலங்களில் கூடக் குறைய இருக்கலாம், ஆனாலும் காரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வண்டி தன் பெயரில் இருந்து, கடனும் இல்லாவிட்டால், ஒரு படிவத்தை நிரப்பி அடையாள அட்டையைக் காட்டினால் வேலை முடிந்தது.

அப்படியானால் ஒருவர் இந்தச் சின்னச் செலவைச் செய்யாமல், ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு டாலர் விலையைக் குறைத்துக்கொண்டு விற்க ஏன் முன்வருகிறார்? சோம்பல் என்று ஒரு காரணம் சொல்லலாம். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கும். பெரும்பாலும் காரணம் கீழே உள்ளவற்றில் ஒன்று:

முதலாவது, வண்டி மீது கடன் இருக்கிறது. அங்கே இதை லீன் என்பார்கள். பல மாநிலங்களில் கடன் முடியும் வரை டைட்டில் கடன் கொடுத்த நிறுவனத்தின் கையில் அல்லது அதன் கணினியில்தான் இருக்கும். விற்பவருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தக் கடன் வண்டியை விட்டுப் போகாது. தவணை நின்றால் நிறுவனம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இரண்டாவது, வண்டி விற்பவர் பெயரிலேயே இல்லை. வேறொருவரிடம் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமல், வரியும் கட்டாமல் அப்படியே அடுத்தவர் தலையில் கட்டுவது. இதற்கு டைட்டில் ஜம்பிங் என்று பெயர். இது சட்டவிரோதம்.

மூன்றாவது, வண்டி திருட்டு வண்டி. அமெரிக்கச் சட்டப்படி திருடனிடம் வாங்கியவருக்கு உரிமை வராது. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் சரி, எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் சரி, போலீஸ் வந்தால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். பணத்தைத் திருடனிடம்தான் கேட்க வேண்டும்!

நான்காவது, டைட்டில் இருக்கிறது, ஆனால் காட்ட முடியாத டைட்டில். பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய வண்டிக்கு சால்வேஜ் என்று முத்திரை விழும். சில வண்டிகளுக்கு "அழிக்கப்பட வேண்டியது" என்றே சான்றிதழ் தருவார்கள். அப்படிப்பட்ட வண்டி பாகங்களுக்குத்தான் ஆகும், மறுபடி சாலைக்கு வரக்கூடாது. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகும் 2017-ல் ஹார்வி புயலுக்குப் பிறகும் தண்ணீரில் மூழ்கிய கார்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதி கழுவித் துடைத்து வேறு மாநிலங்களுக்கு விற்பனைக்குப் போகும் என்று அப்போதே எச்சரிக்கைகள் வந்தன.

இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் விற்பவருக்கு விஷயம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. விலைக் குறைப்பு என்பது சலுகை அல்ல. விற்பவர் தன் தலைவலியை இன்னொருவருக்கு மாற்றிவிடக் கொடுக்கும் கூலி.

ஏலம் ஏன் இதை மோசமாக்குகிறது?

நேரில் பழைய கார் வாங்கப் போனால் நேரம் இருக்கும். "டைட்டிலைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். இல்லையென்றால் திரும்பி நடக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்தே அலுவலகத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளவும் முடியும். ஏலத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி நிமிடத்தில் இன்னொருவர் ஐம்பது டாலர் கூட்டிக் கேட்பார். அந்த நேரத்தில் ஜெயிப்பதுதான் முக்கியமாகத் தெரியும், காகிதம் முக்கியமாகத் தெரியாது. ஜெயித்தபின் பின்வாங்கவும் முடியாது, கேட்ட விலைக்கு வாங்கியே ஆக வேண்டும் என்பது பெரும்பாலான தளங்களின் விதி. "உள்ளது உள்ளபடி" என்ற வாசகமும் கூடவே இருக்கும்.

ஈபே போன்ற தளங்களில் வண்டி வாங்குபவருக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. தளத்துக்கு வெளியே தனியாகப் பேசி முடித்த வியாபாரத்துக்கு அது உதவாது. விற்பவர் விளம்பரத்திலேயே "டைட்டில் இல்லை" என்று எழுதிவிட்டால், அவர் மறைத்துவிட்டார் என்று வாதிட வாங்குபவருக்கு இடம் குறைந்துவிடுகிறது. அந்த ஒரு வரி நேர்மையான அறிவிப்பு போலத் தெரிந்தாலும், உண்மையில் விற்பவரைக் காப்பாற்றும் கேடயம் அதுதான். போதாததற்கு, பிரபல தளங்களின் பெயரில் போலி "பாதுகாப்பு" ரசீதுகளைத் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றி எஃப்.பி.ஐ. எச்சரித்திருக்கிறது.

வாங்கிய பிறகு என்ன நடக்கும்?

உதாரணத்துக்கு ஒரு மாணவரை வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் பேருந்து வசதி இல்லாத ஒரு பல்கலைக்கழக ஊர். படிக்க வந்து சில மாதம்தான் ஆகிறது. அறைத் தோழர்கள் மூன்று பேர் சேர்ந்து பணம் போட்டு, டைட்டிலோடு என்றால் 4,000 டாலர் மதிப்புள்ள காரை, டைட்டில் இல்லாமல் 2,500 டாலருக்கு வேறு மாநிலத்திலிருந்து ஏலத்தில் எடுக்கிறார்கள். லாரியில் ஏற்றி வரச் செலவு தனி.

வண்டி வந்துவிட்டது. டைட்டில் இல்லாததால் தங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. மாற்ற முடியாததால் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. தெருவில் நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பிளேட் இல்லாத வண்டியை ரொம்ப நாள் விட மாட்டார்கள்.

சரி, பழைய உரிமையாளரைப் பிடித்து நகல் வாங்கித் தரச் சொல்லலாம் என்றால், அவர் யார்? 1994-ல் வந்த ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டிப் பதிவு அலுவலகம் ஒருவருடைய பெயரையும் முகவரியையும் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்க முடியாது. விற்றவர் மீது வழக்குப் போடலாம் என்றால் அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். இரண்டாயிரம் டாலருக்காக விமானம் ஏறிப் போய் வழக்கு நடத்துவது யாரால் முடியும்?

கடைசி வழி பாண்டட் டைட்டில். டெக்சாஸில் இதற்கு முதலில் 15 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் ஒப்புக்கொண்டால், வண்டியின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு ஜாமீன் பத்திரம் வாங்க வேண்டும். 4,000 டாலர் வண்டி என்றால் 6,000 டாலருக்குப் பத்திரம். முழுத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை, பிரீமியம் மட்டும் கட்டினால் போதும். ஆனால் அந்தப் பத்திரம் 3 வருடம் உயிரோடு இருக்கும். அதற்குள் உண்மையான உரிமையாளரோ கடன் கொடுத்தவரோ வந்து நின்றால், பத்திரம் கொடுத்த நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை வாங்கியவரிடமே வசூலிக்கும். பழைய லீன் பதிவில் இருந்தாலோ வண்டி திருட்டு என்று தெரிந்தாலோ இந்த வழியும் அடைபடும். எல்லா மாநிலத்திலும் இந்த வசதி கிடையாது என்பதும் உண்டு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

இப்போது மிச்சப்படுத்திய 1,500 டாலர் எங்கே? பாதி அலைச்சலிலும் கட்டணத்திலும் போயிருக்கும். வழி எதுவும் கிடைக்காவிட்டால் கார் காயலான் கடைக்குப் பாகங்களாகத்தான் போகும். அங்கேயும் சில இடங்களில் டைட்டில் கேட்பார்கள்!

இதில் நஷ்டப்படுபவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பணக்காரர் டைட்டில் இல்லாத காரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இந்த வலையில் விழுவது கையில் காசு குறைவாக இருப்பவர், ஊருக்குப் புதியவர், விதிகள் தெரியாதவர். ஆயிரம் டாலர் மிச்சம் என்பது அவர்களுக்குத்தான் பெரிய விஷயம்.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லையா?

தனி ஆள்தான் ஏமாற்றுவார், பெரிய நிறுவனம் ஏமாற்றாது என்று நினைப்பதற்கும் இல்லை. இணையத்தில் கார் விற்கும் கார்வானா ஏல நிறுவனம் அல்ல, பங்குச் சந்தையில் உள்ள பெரிய வியாபார நிறுவனம். இல்லினாய் மாநிலத்தில் விற்பனையாளர் 20 நாளுக்குள் டைட்டிலை மாற்றித் தர வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாமல் தாமதித்ததற்காகவும், தற்காலிக பிளேட்டுகளை முறைகேடாகக் கொடுத்ததற்காகவும் 2022 மே மாதம் அந்த மாநிலம் கார்வானாவின் உரிமத்தை நிறுத்திவைத்தது. 2021-ல் வட கரோலினாவின் வேக் கவுண்டியிலும் இதே மாதிரி தடை வந்தது. பணம் முழுவதும் கட்டிய வாடிக்கையாளர்கள் காகிதம் வராமல் காத்திருந்தார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வியாபாரிக்கு விதி இருந்தது, நாள் கணக்கு இருந்தது, மீறியபோது உரிமத்தைப் பிடிக்க ஒரு அதிகாரி இருந்தார். ஏலத்தில் தனி நபரிடம் வாங்குபவருக்கு அந்தப் பிடிமானம் எதுவும் இல்லை.

மறுபக்கம்

இந்தக் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் பார்க்க வேண்டும். எல்லாப் பழைய காருக்கும் டைட்டில் இருக்காது. நியூயார்க் மாநிலம் 1972-ஆம் ஆண்டு மாடல் வரையுள்ள வண்டிகளுக்கு டைட்டில் தருவதில்லை, ரெஜிஸ்ட்ரேஷனே உரிமைச் சான்று. ஜார்ஜியாவில் 1985-ஆம் ஆண்டு மாடல் வரையுள்ள வண்டிகளுக்கு டைட்டில் தேவையில்லை. தாத்தா இறந்தபின் கொட்டகையில் கிடந்த காரைப் பேரன் விற்கிறார் என்றால் அவரிடமும் காகிதம் இல்லாமல் இருக்கலாம். இவர்களையெல்லாம் ஏலத்திலிருந்து துரத்துவதா?

துரத்த வேண்டாம். டைட்டில் தேவைப்படாத வண்டிக்கு, அந்த மாநிலம் எதை உரிமைச் சான்றாக ஏற்கிறதோ அதைக் காட்டினால் போதும். பேரன் முதலில் நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ தாத்தாவின் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு விற்கட்டும். அவரால் முடியாத காரியத்தை, தாத்தாவின் பெயரே தெரியாத ஒருவரால் எப்படிச் செய்ய முடியும்? எதுவுமே முடியாதென்றால் "பாகங்களுக்கு மட்டும்" என்ற தனிப் பிரிவில் விற்கட்டும். அங்கே வாங்குகிறவர் எஞ்சினுக்கும் கதவுக்கும் விலை கொடுக்கிறார், காருக்கு அல்ல.

வெர்மான்ட் வழியாகப் போகலாமே என்று இன்றும் ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை அந்த மாநிலம் டைட்டில் கேட்காமல், வெளி மாநிலத்தவருக்கும் தபாலிலேயே பதிவு செய்து தந்துகொண்டிருந்தது. 2023-ல் அந்த விதிகள் இறுக்கப்பட்டுவிட்டன. குறுக்கு வழியை நம்பி வாங்கியவர், வழி அடைபட்டால் வண்டியோடு நடுவில் நிற்க வேண்டியதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

ஏலத் தளங்கள் செய்யக்கூடியது அப்படி ஒன்றும் கஷ்டமானதல்ல. 1981 முதல் வந்த கார்களுக்கு 17 எழுத்து-எண் கொண்ட வின் எண் உண்டு. 1992-ஆம் ஆண்டின் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உருவான என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசியத் தகவல் தளம் 2009 முதல் பொதுமக்களுக்கும் திறந்திருக்கிறது. கடைசியாக எந்த மாநிலம் டைட்டில் கொடுத்தது, சால்வேஜ் முத்திரை விழுந்ததா என்று சில டாலர் செலவில் பார்த்துவிடலாம். கடன் விவரத்தை மட்டும் அதை நம்பி முடிவு செய்யக் கூடாது, அதற்கு டைட்டிலையும் மாநில அலுவலகத்தையும்தான் பார்க்க வேண்டும். ஏலத்தில் வைக்கும்போதே டைட்டிலின் படத்தையும் இந்த அறிக்கையையும் கட்டாயமாக்கலாம். டைட்டில் வாங்குபவர் கைக்குப் போகும் வரை பணத்தை விற்பவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்கலாம். ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் வாங்கும் தளத்துக்கு இந்த அளவு பொறுப்பு இருக்கத்தான் வேண்டும்.

தளங்கள் மாறும் வரை வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். விலை கேட்கும் முன் வின் எண்ணை வாங்கிப் பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான என்.ஐ.சி.பி. திருட்டு, சால்வேஜ் விவரத்தை இலவசமாகவே தருகிறது. டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். லீன் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் கையில் வரும் வரை காத்திருக்க வேண்டும். "தொலைந்துவிட்டது" என்று சொல்பவருக்கு ஒரே பதில் போதும்: "நகல் வாங்கிவிட்டுச் சொல்லுங்கள், முழு விலையே தருகிறேன்."

நேர்மையான விற்பவர் அடுத்த வாரமே நகலோடு வருவார், ஏனென்றால் அவருக்கு ஆயிரம் டாலர் கூடக் கிடைக்கிறது. மற்றவர் பதிலே போட மாட்டார். அந்த மௌனமே போதுமான பதில், அதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.